தேன் குடிக்கும் குருவியும் மாமாவின் கழுத்துத் தழும்பும்: ஒரு படத்தை எதுவரை திருத்தலாம்?

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் இரண்டு படங்கள் வந்து விழுந்தன. அனுப்பியவர் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இருக்கும் சின்னம்மா. முதல் படத்தில், பெருவிரல் அளவான ஒரு குருவி நடு ஆகாயத்தில் நிற்கிறது. முதுகு பச்சை. கழுத்து நெருப்புத் தணல் போலச் சிவப்பு. செட்டைகள் இரண்டும் அசையாமல் விரிந்தபடி இருக்கின்றன. இரண்டாவது படத்திலும் அதே இடம், அதே குருவி. ஆனால், கழுத்து கரிக்கறுப்பு.

குழு உடனே சூடாகிவிட்டது. “எங்கட தேன்சிட்டு அங்கயும் வந்திட்டுதோ?” என்று கேட்டார் பெரியம்மா. மச்சான் விடவில்லை: “உது ஏஐ படம். செட்டை அடிக்காமல் எப்பிடி ஒரு குருவி அந்தரத்தில நிக்கும்? ரெண்டு படத்திலயும் கழுத்து வேற வேற நிறம் வேற.” சின்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மூண்டு நாள் பின்கதவடியில கதிரை போட்டுக் குந்தியிருந்து எடுத்தனான். ஏஐயும் இல்லை, ஒண்டும் இல்லை.”

ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கேட்டது ஒன்றைத்தான்: “சின்னம்மா, கமராவில இருக்கிற மூலப்படத்தை அனுப்புங்கோ.” அந்த ஒரு கேள்வி குருவியோடு நிற்கவில்லை. யுத்தத்தின் இறுதி மாதங்களில் காணாமலாக்கப்பட்ட மாமாவின் படம் வரைக்கும் எங்களைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் குருவி.

ஒன்றுபோலத் தெரியும் இரண்டு குடும்பங்கள்

சின்னம்மாவின் குருவி தேன்சிட்டு அல்ல. அது ஹம்மிங்பேர்ட். தமிழில் ரீங்காரச்சிட்டு என்றும் எழுதுகிறார்கள். 350க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தக் குடும்பம் வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அண்டிய தீவுகளிலும் மாத்திரமே வாழ்கிறது. இலங்கையில் ஒன்றுகூட இல்லை.

ஒன்ராறியோவின் வீட்டுத் தோட்டங்களுக்கு வழமையாக வருவது ‘மாணிக்கக் கழுத்து’ இனம். மே மாதத்தில் வரும், செப்ரெம்பர் முடிவதற்குள் மெக்சிக்கோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் திரும்பிவிடும். எடை ஏறக்குறைய 3 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி அதைவிடப் பாரம். இந்த உடலை வைத்துக்கொண்டு அவற்றில் பல மெக்சிக்கோ வளைகுடாவைக் கடக்கின்றன.

எங்கள் தேன்சிட்டு வேறொரு குடும்பம். ஆபிரிக்கா, ஆசியா, அவுஸ்திரேலியா என்று பரந்து வாழ்வது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. ரீங்காரச்சிட்டின் உறவினர்கள் உழவாரக் குருவிகள். தேன்சிட்டு காகத்தையும் சிட்டுக்குருவியையும் போல மரத்தில் குந்தும் பறவைகளின் வரிசையைச் சேர்ந்தது. பூவுக்குள் இருக்கும் தேனை எடுக்கவேண்டும் என்ற ஒரே தேவைதான் வெவ்வேறு கண்டங்களில் இரண்டுக்கும் நீண்ட சொண்டையும் சின்ன உடலையும் மினுங்கும் இறகையும் கொடுத்திருக்கிறது. படம் எடுப்பவருக்கு முக்கியமான வித்தியாசம் இதுதான்: ரீங்காரச்சிட்டு அந்தரத்தில் நின்றபடி குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். தேன்சிட்டு சில கணங்கள் அந்தரத்தில் நின்றாலும், பெரும்பாலும் காம்பிலோ பூவிலோ குந்தியிருந்துதான் குடிக்கும். ஆகவே, எங்களுடைய வேலை சின்னம்மாவினுடையதை விடச் சுலபம்.

நின்றுபோன செட்டை பொய்யா?

மச்சானின் முதல் சந்தேகம் செட்டையைப் பற்றியது. மாணிக்கக் கழுத்துக் குருவி ஒரு செக்கனுக்கு 50 தடவை அளவில் செட்டை அடிக்கும். அதாவது, ஒரு முழு அடிப்புக்கு எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் 50இல் ஒரு பங்கு. எங்கள் கண்ணுக்கு அது வெறும் புகை. கமராவின் கதவு ஒரு செக்கனின் 1000இல் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினாலும், அதற்குள் செட்டை தன் பயணத்தில் 20இல் ஒரு பங்கைக் கடந்துவிடும். படத்தில் கலங்கல் விழும். கதவு வேகத்தை 3000, 4000 என்று கூட்டினால்தான் செட்டை நிற்பது போலத் தெரியும். அதற்கு நல்ல வெயில் வேண்டும்.

வெயில் போதாதவர்கள் பிளாஷ் பயன்படுத்துவார்கள். பிளாஷின் சக்தியைக் குறைத்து வைத்தால் அதன் வெளிச்சம் ஒரு செக்கனின் 10,000இல் ஒரு பங்கை விடவும் குறைந்த நேரமே நீடிக்கும். படத்தை நிறுத்துவது கதவல்ல, அந்த மின்னல்தான். இந்த முறைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பேராசிரியர் ஹரோல்ட் எட்ஜெர்ட்டன். 1930களிலேயே அவர் மின்னொளியைக் கொண்டு ரீங்காரச்சிட்டுகளைப் படம் எடுத்தார். டுபொண்ட் இரசாயன நிறுவனத்தின் தலைவராக இருந்த குரோஃபர்ட் கிறீன்வோல்ட் இதே குருவிகளின் பின்னால் வருடக்கணக்காக அலைந்து 1960இல் ஒரு படநூலையே வெளியிட்டார்.

ஆகவே, நின்றுபோன செட்டை பொய்யல்ல. கண்ணால் பார்க்க முடியாத ஒரு உண்மையைக் கமரா காட்டுகிறது. சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது. கண் கண்டிராத எதையும் இன்று ஒருவர் ‘ஏஐ’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியும்.

சிவப்பும் கறுப்பும்

இரண்டாவது சந்தேகம் கழுத்தின் நிறம். செவ்வரத்தம்பூவின் சிவப்பு அதற்குள் இருக்கும் சாயத்தால் வருவது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சிவப்புத்தான். இந்தக் குருவியின் கழுத்தில் அப்படியான சிவப்புச் சாயம் கிடையாது. இறகுக்குள் மிக நுண்ணிய படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மாத்திரம் சிவப்பாக எங்களை வந்தடைகிறது. தலை கொஞ்சம் திரும்பினால் அதே கழுத்து கறுப்பு. சவர்க்காரக் குமிழியில் நிறங்கள் ஓடுவதும் மயிலிறகு மினுங்குவதும் இதே வகையில்தான்.

சின்னம்மா அன்றிரவே மூலக்கோப்புகளை அனுப்பினார். இரண்டு படம் அல்ல, 14 படங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்தவை. ஒவ்வொன்றிலும் நேரம், கதவு வேகம், கமராவின் மாதிரி எல்லாம் பதிந்திருந்தன. கதவு வேகம் 3200இல் ஒன்று. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் மூன்று செக்கன். வரிசையாகத் தட்டிக்கொண்டு போனால் குருவி தலையைத் திருப்பத் திருப்பக் கழுத்து கறுப்பிலிருந்து மண்ணிறமாகி, பிறகு தணலாவது தெரிந்தது. ஐந்தாறு படங்கள் கலங்கியிருந்தன. ஒன்றில் குருவியின் வால் மட்டும்தான் இருந்தது.

மச்சான் அந்த உதவாத படங்களைப் பார்த்துத்தான் நம்பினார். பொய்ப்படம் செய்பவர் ஒரு அழகான படத்தைச் செய்வார். அதற்கு முன்னும் பின்னும் 13 தோல்விகளைச் செய்துவைக்கமாட்டார்.

மூலப்படத்தில் இன்னொன்றும் இருந்தது. குருவிக்கு முன்னால் பூ இல்லை. சிவப்புப் பிளாஸ்ரிக்கில் செய்த சீனித்தண்ணீர்ப் போத்தல் இருந்தது. வடிவில்லை என்று சின்னம்மா அதை வெட்டிவிட்டிருந்தார். (போத்தல் வைப்பவர்கள் நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சீனி மட்டும் கலக்கிறார்கள். நிறச்சாயமோ தேனோ சேர்ப்பதில்லை. வெக்கை நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுகிறார்கள். இல்லாவிட்டால் குருவிக்கு நோய் வரும்.) போத்தலை வெட்டியது பொய்யா? “தோட்டத்துக் குருவி” என்று சொன்னால் பொய்யில்லை. “பூவில் தேன் குடிக்கும் குருவி” என்று சொன்னால் பொய். படத்தை வெட்டுவதும் சொல்லை வெட்டுவதும் ஒன்றோடொன்று சேர்ந்த வேலைகள்.

எங்கள் வளவில்

கிளிநொச்சியில் எங்கள் பின்வளவுக்கு மூன்று வகைத் தேன்சிட்டுகள் வருகின்றன. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு. முதலாவது 10 சென்ரிமீற்றரும் இல்லை. அதன் விஞ்ஞானப் பெயரிலேயே ‘சிலோன்’ இருக்கிறது. மூன்றாவது, 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தர் காலத்து இலங்கையில் ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரைக் கொண்டது. அவர் இத்தீவில் பிறந்த டி பெவேரே என்ற ஓவியரைக் கொண்டு இங்குள்ள பறவைகளை வரைவித்தார். கமரா வருவதற்கு முன்னால் கையால் வரைந்த அந்தப் படங்கள்தான் ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்குப் பதிவாக இருந்தன.

படம் எடுக்க விலை கூடிய கமரா தேவையில்லை. நான் தொடங்கியது தொலைபேசியில். பட்டறிந்த சில விடயங்கள்:

குருவியைத் துரத்தக்கூடாது. பூவைக் காவல் காக்கவேண்டும். செவ்வரத்தை, மாதுளை, வாழைப்பொத்தி இவற்றில் எதற்கு அது அடிக்கடி வருகிறது என்று இரண்டு நாள் பார்த்தால் போதும். தேன்சிட்டு பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் சுற்றி வரும்.

காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடைப்பட்ட வெளிச்சம் நல்லது. சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்போதுதான் இறகின் மினுக்கம் உங்கள் பக்கம் தெறிக்கும். உச்சி வெயிலில் தேன்சிட்டு வெறும் கறுப்புப் பொட்டாகத்தான் விழும்.

தொலைபேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்கவேண்டாம். பல தொலைபேசிகளில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். பதிலாக, பூவிலிருந்து ஒரு முழத்தில் தொலைபேசியை ஒரு தடியில் கட்டி வைத்து, புளூரூத் பொத்தானால் தூர இருந்து அழுத்தலாம். பொத்தான் இல்லாவிட்டால் வீடியோவை ஓடவிட்டு விலகிப் போகலாம்.

திரையில் குருவி இருக்கும் இடத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். தானியங்கி அளவு கறுப்புக் குருவியைப் பார்த்துவிட்டுப் படத்தை அளவுக்கு மிஞ்சி வெளிறச் செய்யும்.

பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேலித் தகரமா, தூரத்து மரங்களா? இரண்டடி தள்ளி நின்றாலே பின்னணி மாறும். பிறகு உட்கார்ந்து அழிக்கவேண்டிய தேவை வராது.

கூட்டுக்குக் கிட்டப் போகவேண்டாம். தேன்சிட்டு சிலந்தி நூலால் பைபோலக் கூடு தொங்கவிடும். பெட்டை இரண்டு வாரமளவில் அடைகாக்கும். படத்துக்காக ஒரு கிளையை வளைத்தாலும் காகத்துக்கு வழி காட்டியதாகிவிடும். மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு ஆண் தேன்சிட்டு மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கும். அது படத்துக்கு வேடிக்கைதான். ஆனால், இரண்டு படம் எடுத்தபின் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுங்கள்.

திருத்தம் எங்கே முடிகிறது?

எடுத்த படத்தை அப்படியே வைத்திருப்பதுதான் நேர்மை என்று சிலர் நினைக்கிறார்கள். கமராவே ஒவ்வொரு படத்தையும் திருத்தித்தான் தருகிறது. நாங்கள் வழமையாகப் பகிரும் ஜேபெக் கோப்பு, நிறம், கூர்மை, வெளிச்சம் பற்றிக் கமரா முடிவெடுத்துச் சுருக்கிக் கொடுத்த ஒன்று. றோ எனப்படும் கோப்பில் சென்சரில் விழுந்த வெளிச்சத்தின் பதிவு ஏறக்குறைய முழுமையாக இருக்கும். பார்ப்பதற்கு மங்கலாக இருந்தாலும், அதிலிருந்து எடுக்கக்கூடியது அதிகம். இன்று பல தொலைபேசிகளில் றோவாகச் சேமிக்கும் வசதி உண்டு.

நான் ஒரு தேன்சிட்டுப் படத்தைத் திருத்தும் ஒழுங்கைச் சொல்கிறேன். முதலில் பிரதி எடுத்துவிட்டு, பிரதியைத்தான் திறப்பேன். வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்வேன். நிழலில் எடுத்த படம் நீலம் பாயும். படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒன்றை, உதாரணமாகச் சுண்ணாம்பு அடித்த மதிலை, வெள்ளையாக்கினால் மற்ற நிறங்கள் தங்கள் இடத்துக்கு வரும். பிறகு வெளிச்சம், நிழல். பிறகு தேவையற்ற ஓரத்தை வெட்டுவது. கடைசியாக, மணல்போலத் தெரியும் புள்ளிகளைக் கொஞ்சம் குறைத்து, கூர்மையைக் கொஞ்சம் கூட்டுவது. ஸ்னாப்சீட், லைட்ரூம் போன்ற செயலிகளில் இவை எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே செய்யலாம்.

நிறச்செறிவை மாத்திரம் தொடப் பயப்படுவேன். காரணம் இருக்கிறது. ஆண் ஊதாத் தேன்சிட்டு இனப்பெருக்க காலம் முடிந்ததும் தன் மினுக்கத்தை இழந்து, பெட்டையைப் போல மங்கி, கழுத்தில் ஒரு கறுப்புக் கோட்டுடன் இருக்கும். அந்தக் கோட்டை ஊதாவாக மினுக்கினால் படம் வடிவாக இருக்கும். ஆனால், அந்த மாதத்தில் அப்படியொரு குருவி எங்கள் வளவில் இருக்கவில்லை.

ஆக, திருத்தங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, விழுந்த வெளிச்சத்தைத் தெளிவாகக் காட்டுவது. இதுவரை சொன்னவை பெரும்பாலும் அதற்குள் அடங்கும். இரண்டாவது, இருந்த ஒன்றை எடுப்பது அல்லது இல்லாத ஒன்றை வைப்பது. குறுக்கே நின்ற கம்பியை அழிப்பது, வானத்தை மாற்றுவது இந்த வகை. மூன்றாவது புதிது: தெளிவில்லாத இடத்தை ஏஐ ஊகித்து நிரப்புவது. கலங்கிய குருவியைக் கொடுத்தால் அது ஒவ்வொரு இறகாக வரைந்து தரும். அந்த இறகுகள் அது கற்ற ஆயிரமாயிரம் வேறு குருவிகளின் இறகுகள். உங்கள் குருவியினுடையவை அல்ல.

இரண்டாவதும் மூன்றாவதும் குற்றம் என்று நான் சொல்லவில்லை. சுவரில் மாட்டும் கலண்டருக்கு எதையும் செய்யலாம். “இது நடந்தது” என்று சொல்லிக் கொடுக்கும் படத்தில்தான் அவற்றுக்கு இடமில்லை.

ஒரு புகையும் ஒரு எறும்புண்ணியும்

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2017இல் பரிசு பெற்ற ஒரு படம் 2018 ஏப்ரலில் நிராகரிக்கப்பட்டது. பிரேசிலின் இரவு வானத்தின் கீழ் ஒளிரும் கறையான் புற்றை நோக்கி ஒரு எறும்புண்ணி வரும் படம். அது உயிருள்ள விலங்கல்ல, பாடம்செய்து வைக்கப்பட்ட ஒன்றாக இருக்கவேண்டும் என்று நிபுணர்கள் கண்டார்கள். படம் எடுத்தவர் மறுத்தார். ஆனால், அருங்காட்சியகம் ஏற்கவில்லை. பெரிய போட்டிகள் மூலக்கோப்பைக் கேட்பது இதனால்தான்.

எறும்புண்ணியால் யாருக்கும் உயிர் போகவில்லை. அடுத்தது அப்படியல்ல. 2006 ஓகஸ்டில் இஸ்ரேல் பெய்ரூட் மீது குண்டு வீசிக்கொண்டிருந்தபோது, ரொய்ட்டர்ஸுக்காகச் சுயாதீனமாகப் பணியாற்றிய ஒரு லெபனான் புகைப்படக் கலைஞர் குண்டு விழுந்த பகுதியின் படம் ஒன்றை அனுப்பினார். அதில் புகையை போட்டோஷொப்பில் பிரதிபண்ணிக் கூட்டியிருந்தார். ஒரே வடிவான புகைச்சுருள் திரும்பத் திரும்ப வருவதை இணையத்தில் சிலர் கண்டுபிடித்தார்கள். ரொய்ட்டர்ஸ் அவருடனான தொடர்பை முறித்தது. அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து அகற்றியது.

குண்டு விழுந்தது உண்மை. புகை எழுந்தது உண்மை. சனம் செத்தது உண்மை. கூட்டிய கொஞ்சப் புகை அந்த உண்மையைப் பலப்படுத்தவில்லை. மறுக்க விரும்பியவர்கள் கையில் ஒரு பொல்லைக் கொடுத்தது. அந்த 920 படங்களில் திருத்தப்படாதவையும் சேர்ந்தே போயின.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்?

2009 ஓகஸ்ட் 25 அன்று, கைகள் கட்டப்பட்டு நிர்வாணமாக்கப்பட்டவர்கள் சுடப்படும் காணொளி ஒன்றை பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. அது போலி என்று இலங்கை அரசாங்கம் சொன்னது. 2010 ஜனவரியில், சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், தான் நியமித்த மூன்று நிபுணர்களின் ஆய்வு அந்தக் காணொளி உண்மையானது என்பதையே வலுவாகக் காட்டுகிறது என்று அறிவித்தார். நிபுணர்களால் விளக்க முடியாமல் போன சில விடயங்களையும் அவர் மறைக்காமல் வெளியிட்டார். அவற்றில் ஒன்று கோப்பில் பதிந்திருந்த திகதி: 2009 ஜூலை 17. யுத்தம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிந்திய நாள்.

ஒரு கோப்பில் பிழையான திகதி இருப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். கடிகாரம் சரியாக வைக்கப்படாமல் இருக்கலாம். பிரதி எடுத்த நாள் பதிந்திருக்கலாம். ஆனால், கோப்பின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு திகதி, உள்ளே இருக்கும் மனிதர்களின் மரணத்தைப் பற்றிய விவாதத்துக்குள் வந்து நிற்கிறது என்பதை நாங்கள் கவனிக்கவேண்டும்.

இனி மாமாவின் படம்.

2010இல் முகாமிலிருந்து வெளியே வந்தபின், மாமாவைத் தேடிப் படிவங்கள் நிரப்பத் தொடங்கியபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். சொந்தக்காரர் ஒருவரின் கலியாண வீட்டில் எடுத்த குழுப்படம். வீட்டு அல்பங்கள் எல்லாம் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. ஸ்ரூடியோ ஒன்றில் கொடுத்து மாமாவின் முகத்தை மட்டும் எடுக்கச் சொன்னோம். அவர்கள் நல்லெண்ணத்தோடு நன்றாகவே செய்தார்கள். பின்னால் நின்றவர்களை அழித்து நீலப் பின்னணி போட்டார்கள். மாமா மேல் பொத்தான் திறந்த சேட்டோடு நின்றிருந்தார். அது அலுவலகத்துக்குச் சரிவராது என்று கொலரை மூடி வரைந்தார்கள். அந்தப் படத்தைத்தான் எல்லா இடமும் கொடுத்தோம். மூலப்படத்தைத் திரும்ப வாங்கினோமா இல்லையா என்று இன்று யாருக்கும் நினைவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு விசாரணையில், “அங்க அடையாளம் ஏதும் இருக்கா?” என்று கேட்டார்கள். “கழுத்தில இடப்பக்கம் ஒரு தழும்பு இருக்கு. சின்னனில கிணத்துக்கட்டில விழுந்தது” என்று அம்மா சொன்னார். கேட்டவர் படத்தைப் பார்த்தார். “இதில தெரியேல்லையே அம்மா.” தெரியாதுதான். வரைந்த கொலருக்குள் அது போய்விட்டது.

யாரும் பொய் சொல்லவில்லை. ஏமாற்றவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் ஊர்களில் ஸ்ரூடியோக்கள் இறந்த தகப்பனைப் பிள்ளையின் கலியாணப் படத்தில் சேர்த்துக் கொடுப்பார்கள். அதைப் பார்க்கும் எல்லோருக்கும் அது சேர்த்த படம் என்று தெரியும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. சுவருக்குச் செய்த படம் கோப்புக்குள் போகும்போதுதான் இழப்பு வருகிறது.

இப்போது அந்த ஆபத்து இன்னும் கிட்ட வந்திருக்கிறது. பழைய மங்கிய படங்களைத் ‘தெளிவாக்கித் தரும்’ ஏஐ செயலிகள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. கலங்கிய குருவிக்கு வேறு குருவிகளின் இறகை வைப்பதுபோல, மங்கிய முகத்துக்கு அது வேறு முகங்களின் கண்ணையும் தோலையும் வைக்கும். தழும்பை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். கிடைக்கும் முகம் அழகாக இருக்கும். அது நாங்கள் தேடும் ஆளின் முகமாக இருக்கவேண்டும் என்றில்லை.

செய்யக்கூடியவை

1. கமராவிலும் தொலைபேசியிலும் திகதி, நேரம் சரியா என்று இன்றைக்கே பாருங்கள்.

2. மூலப்படத்தின் மேல் எதையும் சேமிக்காதீர்கள். பிரதி எடுத்து, பிரதியில் திருத்துங்கள். ‘மூலம்’ என்று தனியாக ஒரு கோப்புறை வைத்திருங்கள்.

3. ஒரு சம்பவத்தைத் தொடராக எடுத்திருந்தால் கலங்கியவற்றையும் அழிக்கவேண்டாம். நல்ல படத்துக்கு அவைதான் சாட்சி.

4. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருங்கும், உள்ளே பதிந்திருக்கும் நேரமும் இடமும் நீங்கிவிடும். மூலத்தை அனுப்பவேண்டுமானால் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புங்கள். ஆனால், உங்கள் வீட்டின் அமைவிடமும் அதற்குள் பதிந்திருக்கலாம். யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று யோசித்து அனுப்புங்கள்.

5. பழைய கடதாசிப் படங்களைத் தொலைபேசியால் எடுப்பதை விட ஸ்கான் செய்வது நல்லது. 600 டிபிஐ அளவில், வெட்டாமல், ஓரங்களோடு செய்யுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள். திகதியும் ஸ்ரூடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

6. படத்தில் யார், எங்கே, எந்த வருடம், யார் எடுத்தது என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

7. ஒரே பிரதியை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். யுத்தத்துக்குப் பிறகு பல குடும்பங்களுக்கு மிஞ்சியது வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு முன்னொரு காலம் தபாலில் அனுப்பிய படங்கள் மாத்திரமே.

8. திருத்திய படத்தைப் பகிர்ந்தால் திருத்தியதைச் சொல்லுங்கள். “சேர்த்த படம்”, “ஏஐயால் தெளிவாக்கியது” என்று இரண்டு சொல் போதும்.

ஏழாவதைக் குடும்பக் குழுவில் எழுதியபோது சின்னம்மா பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து அழைத்தார். 1995இல் தான் வெளிக்கிட்டு வந்தபோது கொண்டுவந்த ஒரு சின்ன அல்பம் நிலவறைப் பெட்டிக்குள் இருந்தது என்றார். அதில் மாமா, 20 வயதளவில், கிணற்றடியில் பெனியனோடு நிற்கிறார். மகனைக் கொண்டு ஸ்கான் செய்வித்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஆவணமாக அனுப்பினார்.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். படம் மங்கியிருக்கிறது. ஒரு மூலையில் பூஞ்சணம். கழுத்தின் இடப்பக்கம் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. அம்மா விரலை வைத்துக் காட்டினார். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிய ஒரு பிரதியும் செய்தேன். அதில் கோடு இன்னும் நன்றாகத் தெரிகிறது. தெளிவாக்கும் செயலி எதற்குள்ளும் அதைப் போடவில்லை. அடுத்த முறை கோப்போடு போகும்போது மூலத்தின் அச்சுப்பிரதி, வெளிச்சம் கூட்டிய பிரதி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிய ஒரு தாள் ஆகிய மூன்றையும் கொண்டுபோவோம்.

சின்னம்மா இப்போது குருவிப் படங்களைப் போத்தலோடு சேர்த்தே அனுப்புகிறார்.